பதினாறு கிலோ

தாத்தாவின் கார் ஷெட்டுக்கு இரண்டு பூட்டுகள். மேல் பூட்டு திறந்தபடியே துருவேறி இறுகிக் கிடந்தது. கீழ்ப் பூட்டில் எண்ணெய் மினுங்கியது. எண்பத்தாறு வயதில் படுக்கையில் விழும்வரை, வாரம் ஒருமுறை தாத்தா அதைத் திறந்து வண்டியை வெளியே எடுத்திருக்கிறார். யாரையும் ஏற்றிக்கொண்டதில்லை. தனியாகப் போவார், தனியாகத் திரும்பி வருவார்.

"இந்தா," என்று அம்மா சாவியை என் கையில் திணித்தாள். ஷெட் வாசலைத் தாண்டி வரவில்லை. "நீயே போய்ப் பாரு. எனக்குத் தூசி ஆகாது."

ஒரு நாளைக்கு மூன்று தடவை வீடு பெருக்குகிறவளுக்குத் தூசி ஆகாதாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கதவைத் தள்ளியதும் பெட்ரோல் வாசனை, பழைய தோல் வாசனை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. மழையில் நனைந்த கம்பளியை மூடிய அறையில் காயப்போட்டால் வருமே, அந்த வாசனை. ஷெட்டில் துணி எதுவும் இல்லை.

கரும்பச்சை வண்டி. நான்கு கதவுகள், உருண்ட தோள்கள், அறுபது வயது. வீட்டை அம்மாவுக்கும் வண்டியை எனக்கும் தாத்தா எழுதி வைத்திருந்தார்.

"வித்துடேன்டா," என்றாள் அம்மா வெளியிலிருந்தே.

"எனக்குன்னு எழுதியிருக்கார்மா."

"எழுதினவர் போயிட்டார்."

அதற்குள் என் மகள் பின் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஏன் என்று கேட்பவர்கள் அரை மணி நேரம் அவளோடு இருந்தால் போதும். மூன்று பேர் உட்காரும் சீட்டின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நடுவுல உட்காரேன். நல்லா தாராளமா இருக்கே."

"இந்தப் பக்கம்தான்பா காலி," என்றாள் வாலு.

நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. சக்கரத்தின் மேல் இருக்கும் ஸ்பிரிங் பட்டை களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அறுபது வருடம் சுமந்தால் யாருக்குத்தான் இடுப்பு பிடிக்காது.

*

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் எடை இயந்திரங்களைச் சரிபார்க்கிறவன். கடைத் தராசு, மூட்டை நிறுக்கும் மேடை, ஆஸ்பத்திரியில் நோயாளியை நிறுத்தும் இயந்திரம் எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்ச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை ஒட்டிவிட்டு வருவேன். அரை கிலோவிலிருந்து இருபது கிலோ வரை சோதனைக் கற்கள் என் பட்டறையில் வரிசையாக இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே வாலுவுக்கும் எடை பார்ப்போம். சுவரில் கோடு போட்டு எழுதுவாள். கடைசியாக எழுதியது பத்தொன்பது கிலோ.

வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். முன் சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டியில் கம்பெனி கொடுத்த கையேடு இருந்தது. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதம் என்று முடிவு செய்தேன். வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்தது போல ஆக்க வேண்டும். பழைய வண்டி கட்டுகிறவர்களுக்கு இது ஒரு வெறி. சொந்தக்காரர் ஒட்டுப் போட்ட இடம், ஓட்டை போட்ட இடம் எல்லாம் எங்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. எடுத்தால்தான் நிம்மதி.

அந்த வண்டியில் அப்படி மூன்று இருந்தன.

ஒன்று, பின் கதவுகளில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகள் இல்லை. கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, கம்பி கட்டி, டிக்கியில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இரண்டு, அந்த இரண்டு ஜன்னல்களிலும் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் மரக்கட்டை வைத்துத் திருகியிருந்தார். கண்ணாடி எவ்வளவு ஏறினாலும் மேலே நான்கு விரல் சந்து விட்டு நின்றுவிடும். மூன்று, சைலன்சர் குழாயின் முனையில் ஒரு முழம் குழாயை ஒட்ட வைத்திருந்தார். பம்பருக்கு வெளியே நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது அது.

வண்டியின் உடம்பு வேலைக்கு வந்தவர் ஒரு டிங்கர். எல்லோரும் அவரைத் தகரம் என்பார்கள், அவர் என்னைத் தராசு என்பார்.

"என்னப்பா தராசு, ஊர்ல ஆளாளுக்கு ஆப்பு வைக்கிறான், உன் தாத்தா ஜன்னலுக்கே வெச்சிருக்கார்."

"எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணே."

அவர் ஒரு கட்டையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இழைச்சு, வார்னிஷ் பூசி. கிறுக்குல செஞ்சவன் இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டான். எதுக்கோ செஞ்சிருக்கார். விட்டுடேன்."

"கம்பெனியிலிருந்து வந்தப்போ இது இல்லையே."

"கம்பெனிக்காரனா அறுபது வருஷம் ஓட்டினான்?"

நான் கையேட்டைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கட்டைகளைக் கழற்றினார். கைப்பிடிகளை நானே மாட்டினேன். கண்ணாடி முழுதாக ஏறி ரப்பரில் பதிந்தபோது அழகாக ஒரு 'தப்' கேட்டது. குழாயின் முழத்தையும் அறுத்துத் தள்ளினோம்.

எல்லாம் படத்தில் இருப்பது போலவே ஆகிவிட்டது, இடது பின் மூலையைத் தவிர.

*

பட்டை ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்பது எளிது. வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் கட்டியிருப்பார்கள். சுமை ஏறினால் வளைவு நிமிரும், வண்டி தாழும். சுமை இறங்கினால் பழையபடி வளையும். பட்டைக்கு மறதி கிடையாது, பொய்யும் தெரியாது. ஒரு வகையில் அதுவும் தராசுதான்.

இடது பட்டையை மாற்றினேன். புதுப் பட்டை. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினேன்.

இரண்டு விரல் தாழ்ந்தது.

இடதில் இருந்ததை வலதுக்கும் வலதில் இருந்ததை இடதுக்கும் மாற்றிப் பார்த்தேன். குறை பட்டையில் இருந்தால் தாழ்வு வலதுக்குப் போக வேண்டும். போகவில்லை.

சக்கரம், டயர் காற்று, தரை மட்டம் எல்லாம் அளந்தேன். தரை தண்ணீர் விட்டாற்போல் மட்டம்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. தொழில் புத்தி. பின் சீட்டின் வலது மூலையில் சோதனைக் கற்களை வைத்தேன். பத்து கிலோ. கொஞ்சம் சமமானது. இன்னொரு ஐந்து. இன்னும் ஒரு நூல் மிச்சம். ஒரு கிலோ வைத்தேன்.

இரண்டு பக்கமும் நேராக நின்றன.

பதினாறு கிலோ. இடது சீட்டைப் பார்த்தேன். புதிதாகத் தைத்துப் போட்ட தோல் உறை. அதன் நடுவில், ஒரு தட்டு அளவுக்கு, லேசாகக் குழிந்திருந்தது.

உள்ளங்கையால் குழியைத் தொட்டேன். தோல் ஈரமாக இருந்தது.

மறுநாள் தகரத்திடம் எடையை மட்டும் சொன்னேன். "அடிச்சட்டம் கோணியிருக்கும்பா," என்றார். "அறுபது வருஷ வண்டி. கிழவன் நடை மாதிரி ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்." எனக்குக் காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், நன்றாகத் தூங்கிவிடுவேன். அன்று தூங்கினேன்.

காலையில் பட்டறையைத் திறந்தால், இறக்கிவிட்டுப் போயிருந்த இடது பின் கண்ணாடி மேலே ஏறியிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கைப்பிடிக்குள் இருக்கும் சுருள்வில் புதுசு, அதுவே இழுத்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கினேன். அந்தச் சுருள்வில்லுக்குக் கண்ணாடியின் எடையில் பாதியைத் தாங்கத்தான் தெம்பு உண்டு. எனக்கு அது தெரியும்.

மறுநாளும் ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியில், உள்பக்கமாக, வட்டமாக ஆவி படிந்திருந்தது. குளிர்ந்த கண்ணாடியில் வெதுவெதுப்பான மூச்சு பட்டால் மட்டும் வரும் வட்டம். சிறியது. சீட்டில் உட்கார்ந்த ஒரு சின்ன ஆளின் வாய் உயரத்தில்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் சுருங்கியது.

பிறகு மறுபடி விரிந்தது.

*

அன்றே வண்டியை மூடியிருக்க வேண்டும். ஆனால் எட்டு மாத வேலை முடிந்திருந்தது. இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. வாலு தன் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு வேலை நாள். வாலுவை ஏற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். காலை ஒன்பது மணி. மழை பிடித்துக்கொண்டிருந்தது.

வாலு வழக்கம்போல வலது ஓரம். மடியில் பொம்மை. பின் ஜன்னல்கள் இரண்டையும் நானே நான்கு விரல் இறக்கி வைத்தேன். ஏன் சரியாக நான்கு விரல் என்று அப்போது யோசிக்கவில்லை. முன் கண்ணாடியில் ஆவி படிந்ததால் என் பக்க ஜன்னலையும் கொஞ்சம் இறக்கினேன். குளிரில் இன்ஜின் அடங்கிவிடாமல் இருக்க சோக்கைப் பாதி இழுத்து, பெட்ரோலைக் கூடுதலாக விட்டே வைத்திருந்தேன்.

அரை மணி நேரம் வாலு பேசிக்கொண்டே வந்தாள். என்னோடு இல்லை. முணுமுணுவென்று, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது போல. பொம்மையோடுதான் என்று நினைத்தேன்.

"அப்பா, ஜன்னலை மூடட்டுமா?"

"ஏன், சாரல் அடிக்குதா?"

"இல்ல. அவளுக்குக் குளிருதாம்."

"சரி, மூடிக்கோ," என்றேன்.

வலது பக்கம் 'தப்' என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் இடது பக்கமும். சீட்டின் குறுக்கே நகர்ந்து போய் மூடினாளா? பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். வலது ஓரத்தில்தான் இருந்தாள்.

ஈரக் கம்பளி வாசனை வந்தது.

பிறகு பேச்சு நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் போல. அம்மாவின் ஊர் நெருங்கும்போது மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். நடுச் சீட்டுப் பக்கம் நகர்ந்து, தலையை இடது பக்கம் சாய்த்திருந்தாள். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு திருப்பம் வந்தது. வண்டி குலுங்கியது. அவள் தலை விழவில்லை.

அவள் தலைக்குக் கீழே ஒன்றுமில்லை. சீட்டின் சாய்மானம் ஒரு முழம் பின்னால் இருந்தது. தூங்குகிற குழந்தையின் தலை, யாரோ ஒருத்தியின் தோளில் சாய்ந்தது போல, காற்றில் சாய்ந்து நின்றது.

"வாலு."

பதில் இல்லை.

எனக்கு நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடித்தது. பிரேக் மிதிக்கக் கால் சொன்னபடி கேட்கவில்லை. அம்மாவின் வாசல் தெரிந்தது. எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது. அம்மா குடையோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்துக்கொண்டே வந்தவள், பின் ஜன்னலைப் பார்த்ததும் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எட்டு மாதமாக வண்டியின் பக்கமே வராதவள், கதவைப் பிடுங்குவது போலத் திறந்து குழந்தையை வெளியே இழுத்தாள்.

"ஜன்னலை ஏண்டா மூடின," என்றாள். கத்தவில்லை. மூச்சுதான் வந்தது. "பாவி, ஜன்னலை ஏண்டா மூடின."

*

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் வாலுவின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார், "வண்டியில புகை வந்துச்சா?"

புகை வரவில்லை. அதுதான் அதன் குணம். அரைகுறையாக எரிந்த பெட்ரோலில் இருந்து வரும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. கன்னம் சிவக்கும், தூக்கம் வரும். சின்ன உடம்பு வேகமாக மூச்சு விடும், அதனால் முதலில் அதற்குத்தான் வரும்.

வார்டில் வாலுவின் முகத்தில் பிராணவாயு மாஸ்க்கை மாட்டியிருந்தார்கள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருநூறு வரை எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். வேலை முடிந்து ஓடி வந்த மனைவி குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் அம்மா பேசினாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா. அவளுக்கு அஞ்சு வயசு, எனக்கு மூணு."

"காய்ச்சல்ல போனான்னு சொல்வியே."

"அப்படித்தான் ஊருக்குச் சொன்னோம்." சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இதே மாதிரி மழை. நனைஞ்ச ஸ்வெட்டரோட வண்டியில ஏறினா. பின்னாடி, இடது பக்கம். நான் முன்னாடி அம்மா மடியில. குளிருதுப்பா, ஜன்னலை மூடுன்னு நச்சரிச்சா. அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், அவர் கையாலயே மூடினார். வீட்டுக்கு வந்து எழுப்பினா எழுந்திரிக்கல."

ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பும். குழாய் குட்டையாக இருந்தால் வாயு அந்தச் சுழலில் மாட்டி டிக்கி இடுக்கு வழியாக உள்ளே நுழையும். முன் ஜன்னல் திறந்திருந்தால் அது இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும். பின் ஜன்னலில் நான்கு விரல் சந்து இருந்தால் தப்பிக்கலாம். கட்டை, கைப்பிடி, ஒரு முழம் குழாய். தாத்தா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, இழைத்து, வார்னிஷ் பூசி வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"பெத்த பொண்ணைக் கொன்னவர்னு என் வாயால சொல்லணுமா? அவர் இருக்கிறவரைக்கும் வாரா வாரம் அவளை ஏத்திட்டுப் போய்க் காத்து வாங்கிட்டு வந்தார். அவரோட அது முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

மறுநாள் விடிவதற்குள் வாலு கண் திறந்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தாள், என் மீசையைப் பிடித்து இழுத்தாள். மனைவி முதல் தடவையாக அழுதாள். தகரத்தைப் போனில் கூப்பிட்டு, அம்மா வாசலில் நிற்கும் வண்டியை எடுத்துப்போய் நசுக்கிவிடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"முடிஞ்சுதுப்பா. ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு வண்டி நேரா நின்னுச்சு. அளந்தே பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

நான்காம் நாள் காலை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மருந்து எழுத எடை வேண்டும். வார்டின் கோடியில், திறந்த ஜன்னலுக்குக் கீழே, முள் வைத்த எடை இயந்திரம் இருந்தது. போன மாதம் நான் சோதித்தது. அதன் பக்கவாட்டில் என் முத்திரை, என் கையெழுத்து.

"ஏறி நில்லு கண்ணு," என்றாள் நர்ஸ்.

வாலு ஏறினாள். முள் ஆடி நின்றது. பத்தொன்பது. நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டாள்.

"இறங்கிக்கோ."

வாலு இறங்கவில்லை. வலது ஓரத்துக்குக் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு நின்றாள்.

முள் அசைந்தது. ஒரு காலை வைத்தால் ஏறுவது போல இருபத்தேழுக்கு ஏறியது. ஒரு கணம் நின்றது. மறு காலையும் வைத்தது போல மேலே போனது.

முப்பத்தைந்து.

ஈரக் கம்பளி வாசனை.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் எழுதிய காகிதத்தை மடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வாலு அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அந்த ஜன்னலை மூடுறீங்களா? அவளுக்குக் குளிருதாம்."

"அதுக்கென்ன, மூடிட்டாப் போச்சு," என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் ஜன்னல் பக்கம் போனாள்.